பழைய இராணுவ ரைபிளும் பயனெட்டும்: சட்டம் பார்ப்பது எதை, சுடுதளம் பார்ப்பது எதை?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் வசிக்கும் ஒருவர் எம்1 கேரண்ட் என்னும் பழைய அமெரிக்க இராணுவ ரைபிள் ஒன்றையும் மோசின்-நாகாந்த் 91/30 என்னும் பழைய சோவியத் இராணுவ ரைபிள் ஒன்றையும் அவற்றுக்குரிய பயனெட்டுகளோடு (குழல்முனையில் பூட்டும் குத்துக்கத்திகளோடு) வாங்கியிருக்கிறார். குழல்முனையில் பயனெட்டைப் பூட்டும் முளை இருந்தாலே சட்ட விரோதம், அதை அராவி எடுத்துவிடு என்று நண்பர் ஒருவர் அச்சுறுத்துகிறார். சுடுதளத்தில் முளையைப் பற்றி யாரும் பேசவில்லை. மாட்டியிருந்த பயனெட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிவிட்டுச் சுட்டால் மோசினின் குறி ஒரு பக்கமாக விலகுகிறது. இதில் எது சட்டம், எது வெறும் வழக்கம் என்று கேட்கிறார்.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று தனித்தனிப் பொருள்களை ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான். துப்பாக்கிச் சட்டம் பார்ப்பது ரைபிளில் உள்ள முளையை. கத்திச் சட்டம் பார்ப்பது கையிலோ வண்டியிலோ இருக்கும் அலகை. சுடுதளம் பார்ப்பது இரண்டும் ஒன்றாகப் பூட்டப்படும் அந்தச் சில நொடிகளையும், பூட்டிய பிறகு நீளும் ரைபிளையும். ஓரிடத்தில் கிடைத்த அனுமதி மற்ற இரண்டிலும் செல்லாது.

முதலில் முளை. இந்த அச்சம் பிறந்தது 1994 செப்டம்பர் 13 அன்று கையெழுத்தான கூட்டாட்சிக் குற்றத்தடுப்புச் சட்டத்தில். கழற்றக்கூடிய மேகசினை (தோட்டாப் பெட்டியை) ஏற்கும் அரைத் தானியங்கி ரைபிளில் (விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டைச் சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது), மடக்கும் அல்லது நீட்டிச் சுருக்கும் தோள்கட்டை, துருத்தி நிற்கும் பிஸ்டல் பிடி, பயனெட் பூட்டும் முளை, தீப்பிழம்பைத் தணிக்கும் குழல்முனைக் கருவி அல்லது அதற்கான மரையுள்ள குழல், கையெறி குண்டு ஏவும் கருவி ஆகிய ஐந்தில் இரண்டு இருந்தால் அது தடைசெய்யப்பட்ட வகை என்று அச்சட்டம் வரையறுத்தது. ஐந்தில் ஒன்றாக முளை இடம்பெற்றதால்தான், அந்தக் காலத்தில் புதிதாகத் தயாரான பல ரைபிள்கள் முளை இல்லாமல் விற்பனைக்கு வந்தன. பத்தாண்டுக்கு மட்டுமே இயற்றப்பட்ட அத்தடை 2004 செப்டம்பர் 13 அன்று காலாவதியாகிவிட்டது. சட்டம் போய்விட்டது, அது விட்டுச்சென்ற பேச்சு மட்டும் துப்பாக்கிக் கண்காட்சி மேசைகளில் இன்னும் உலவுகிறது.

தடை நடைமுறையில் இருந்த பத்தாண்டிலும்கூட இந்த இரண்டு ரைபிள்களும் அதற்குள் வந்ததில்லை. மோசின்-நாகாந்த், ஸ்பிரிங்ஃபீல்டு 1903, லீ-என்ஃபீல்டு, மௌசர் 98 போன்றவை ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை (தோட்டா அறையை மூடும் தண்டை) இழுத்துத் தள்ள வேண்டியவை. அவ்வகை ரைபிள்களுக்கு அந்தச் சட்டமே வெளிப்படையாக விலக்கு அளித்திருந்தது. கேரண்ட் அரைத் தானியங்கிதான். ஆனால் எட்டுத் தோட்டாக்களைப் பிடித்திருக்கும் கிளிப்பை மேலிருந்து உள்ளே அழுத்தும் நிலையான மேகசின் கொண்டது. கழற்றக்கூடிய மேகசின் இல்லாததால் வரையறையின் முதல் படியையே அது தாண்டவில்லை. ஆகவே முளையை அராவச் சொன்ன நண்பர் அன்றைக்கும் தவறு, இன்றைக்கும் தவறு. அப்படி அராவப்பட்ட ரைபிள்களை நான் கண்டிருக்கிறேன்; அவற்றின் சேகரிப்பு மதிப்பு அந்த அரத்தோடு தேய்ந்துபோயிருந்தது.

மாநிலங்களின் நிலை வேறு; இங்கேதான் கவனம் தேவை. நியூயார்க் 2013 ஜனவரியில் இயற்றிய சட்டம் இரண்டு அம்சம் என்பதை ஒன்றாகக் குறைத்தது. கழற்றக்கூடிய மேகசினை ஏற்கும் அரைத் தானியங்கி ரைபிளில் பயனெட் முளை ஒன்று மட்டும் இருந்தாலே போதும், அது தடைக்குள் வந்துவிடும். கேரண்டும் மோசினும் அங்கேயும் தப்பிவிடுகின்றன. எம்1 கார்பைன் என்னும் குட்டையான, இலகுவான அரைத் தானியங்கி ரைபிள்தான் அகப்பட்டுக்கொள்கிறது. பதினைந்து தோட்டா மேகசினோடு இரண்டாம் உலகப் போருக்கு வந்த அந்தக் கார்பைனில் முதலில் முளை கிடையாது. 1944இல் எம்4 பயனெட் ஏற்கப்பட்ட பிறகே முளையுள்ள முன்வளையம் (குழலைக் கட்டையோடு பிணைக்கும் வளையம்) வந்தது. போருக்குப் பின் இராணுவப் பட்டறைகளில் பழுதுபார்க்கப்பட்ட பழைய கார்பைன்கள் பலவற்றுக்கும் அதே வளையம் மாட்டப்பட்டது. எனவே நியூயார்க்கில் ஒரு கார்பைனின் நிலை அதன் வயதை மட்டும் பொறுத்ததன்று. அந்த வளையத்தையும் பொறுத்தது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டது என்பதாலேயே விலக்கு தானாகக் கிடைத்துவிடாது, அதற்குப் பதிவு நிபந்தனை உண்டு. முளையில்லாத தொடக்ககால வளையமும் அதே ரைபிளின் அசல் உறுப்புதான் என்பதால், அராவுவதைவிட வளையத்தை மாற்றுவது சேகரிப்பாளருக்கும் உகந்தது. மாற்றுவதற்கு முன் அம்மாநிலத் துப்பாக்கிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது.

நியூஜெர்சியில் அந்த வழியும் அடைபட்டுள்ளது. அங்கே சட்டத்தின் பெயர்ப்பட்டியலிலேயே எம்1 கார்பைன் வகை இடம்பெற்றிருக்கிறது. முளையை எடுத்தாலும் வைத்தாலும் பெயர் மாறப்போவதில்லை. இதற்கு நேர்மாறாக, துப்பாக்கிக் கட்டுப்பாட்டில் கடுமையானது என்று பெயரெடுத்த கலிபோர்னியாவின் அம்சப் பட்டியலில் பயனெட் முளை இல்லவே இல்லை. ‘கடுமையான மாநிலம், எனவே முளைக்கும் தடை இருக்கும்’ என்று ஊகிப்பது பயனற்றது. அந்தந்த மாநிலத்தின் பட்டியலை எடுத்து வரி வரியாகப் படித்தே ஆகவேண்டும்.

இறக்குமதியான அரைத் தானியங்கி ரைபிள்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கேள்வியில் அது இல்லை. ஆனாலும் அடுத்ததாக எஸ்.கே.எஸ் என்னும் சோவியத் வடிவமைப்பு அரைத் தானியங்கி ரைபிள் ஒன்றை வாங்க மனம் தூண்டும் என்பதால் சொல்லிவைக்கிறேன். 1989இல் கூட்டாட்சித் துப்பாக்கி முகமையான ஏ.டி.எஃப், எந்த அரைத் தானியங்கி ரைபிள்கள் விளையாட்டுப் பயனுக்கு ஏற்றவை அல்ல, எனவே இறக்குமதிக்கு உரியவை அல்ல என்று தீர்மானித்தபோது, பயனெட்டை ஏற்கும் வசதியை இராணுவ அம்சங்களுள் ஒன்றாகக் கணக்கில் எடுத்தது. அடுத்த ஆண்டு வந்த 922ஆர் பிரிவு, இறக்குமதி செய்ய முடியாத அத்தகைய ரைபிளை இறக்குமதி உறுப்புகளைக் கொண்டு உள்நாட்டில் உருவாக்குவதையும் தடுத்தது. விதியில் பட்டியலிடப்பட்ட இருபது உறுப்புகளில் பத்துக்கு மேல் வெளிநாட்டவையாக இருக்கக்கூடாது. பயனெட் இல்லாமல் இறக்குமதியான சீன எஸ்.கே.எஸ் ஒன்றில் பிறகு பயனெட் மாட்டுபவர் அறியாமல் நுழைவது இந்தக் கணக்குக்குள்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு: அந்த இருபதில் பயனெட் கிடையாது. தன்னை எண்ணச் சொல்லாத உறுப்பு, மற்றவற்றை எண்ண வைத்துவிடுகிறது.

மடக்குப் பயனெட்டோடு அசல் இராணுவ அமைப்பிலேயே அரும்பொருளாக (சேகரிப்புக்குரிய பழம்பொருள் என்ற சட்ட வகையில்) வந்த யுகோஸ்லாவிய எம்59/66க்கு இந்தத் தொல்லை இல்லை. ஐம்பது ஆண்டுப் பழமையும் அசல் அமைப்பும் சேர்ந்திருந்தால்தான் ஒரு ரைபிள் வயதின் அடிப்படையில் அரும்பொருள் தகுதியைப் பெறும். அதில் கட்டையை மாற்றி, மேகசினை மாற்றி, பயனெட்டைக் கழற்றி எறிந்து நவீனமாக்கப் புறப்படுபவர், ரைபிளைப் பாதுகாத்துக்கொண்டிருந்த அந்தத் தகுதியையும் சேர்த்தே எறிகிறார். பயனெட் இருப்பதால் சிக்கல் வரும் என்று அஞ்சுவோர் பலர். இங்கே அது இல்லாமற்போவதால் சிக்கல் வரக்கூடும்.

அடுத்து அலகு. ரைபிளிலிருந்து பிரிந்த நொடியில் பயனெட் துப்பாக்கி உறுப்பாக இருப்பதில்லை, கத்தியாகிவிடுகிறது. கூட்டாட்சிச் சட்டத்தில் அதை வாங்க உரிமம் வேண்டாம், பின்னணிச் சரிபார்ப்பும் வேண்டாம். அதனாலேயே அதைப் பற்றி யாரும் சிந்திப்பதில்லை. அதனாலேயே வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். 1986ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தின் வழி வந்த 926ஏ பிரிவு, புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் ரைபிளைச் சட்டப்படி வைத்திருக்க உரிமையுள்ளவர் அதைக் குண்டு நீக்கி, எளிதில் எட்டாதபடி வைத்து, இடையிலுள்ள கடுமையான மாநிலங்களைக் கடந்து செல்லப் பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரியது, கத்திக்கு இல்லை. ஒரே பெட்டிக்குள் ரைபிளும் பயனெட்டும் அருகருகே படுத்திருக்க, ரைபிளுக்குக் கூட்டாட்சிப் பாதுகாப்பும், பயனெட்டுக்கு அந்தந்த மாநிலத்தின் கத்திச் சட்டமும் பொருந்துகிற நிலையைப் பலர் எண்ணிப் பார்த்ததேயில்லை.

கத்திச் சட்டங்களோ ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. டெக்சஸ் 2017இல் பழைய ‘சட்டவிரோதக் கத்தி’ என்னும் வகையை நீக்கிவிட்டு, ஐந்தரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுள்ளவற்றைப் பள்ளி, மதுக்கூடம் போன்ற குறிப்பிட்ட இடங்களில் மட்டும் தடுத்தது. நியூயார்க் நகரில் நான்கு அங்குலமோ அதற்கு மேலோ அலகுள்ள கத்தியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதற்கே தடை; வாங்கிய இடத்துக்கும் பழுதுபார்க்கும் இடத்துக்கும் நேராகச் செல்லும்போது எளிதில் எடுக்க முடியாதபடி கட்டி வைத்திருந்தால் விலக்கு, அணிவகுப்புக்குச் செல்லும் முன்னாள் படைவீரர் அமைப்புகளுக்கும் விலக்கு. மாசசூசெட்ஸ் இருபுறமும் கூருள்ள கத்தியை உடலில் மட்டுமல்லாமல், தன் கட்டுப்பாட்டில் உள்ள வண்டியில் எடுத்துச் செல்வதையும் குற்றப் பட்டியலில் வைத்திருக்கிறது. கேரண்டுக்கான எம்5 பயனெட்டில் பின்விளிம்பின் ஒரு பகுதியிலும் கூர் உண்டு என்பதை அங்கே வசிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கேரண்டோடு வந்த பயனெட் எது என்பதும் கேள்விதான்: பதினாறு அங்குல எம்1905 ஆகவும் இருக்கலாம், 1943 முதல் பத்து அங்குலமாகக் குறைக்கப்பட்ட, எம்1 என்றே பெயருள்ள பயனெட்டாகவும் இருக்கலாம், ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த எம்5 ஆகவும் இருக்கலாம். டெக்சஸின் அளவுகோலில் இந்த மூன்றுமே வரம்பைத் தாண்டுகின்றன.

மோசினின் பயனெட்டுக்கு வெட்டும் விளிம்பே கிடையாது. நான்கு பள்ளங்கள் ஓடும் குத்தூசி அது. வெட்டாததால் அது கத்தி அல்ல என்ற வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கலிபோர்னியாவின் வரையறை கத்தி என்பதோடு நிற்பதில்லை. குத்துவதற்கு உடனடியாகப் பயன்படக்கூடிய வேறு கருவியையும் சேர்த்துக்கொள்கிறது. அதை மறைத்து எடுத்துச் செல்வதே அங்கு குற்றம். இடுப்பில் தொங்கும் உறையில் வெளிப்படையாக இருந்தால் மறைத்ததாகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் சோவியத் படையினர் அந்தப் பயனெட்டைப் பெரும்பாலும் ரைபிளிலேயே மாட்டி வைத்திருந்ததால், அதற்கு உறை கிடைப்பதே அரிது. முக்கோண வடிவப் பயனெட்டை ஜெனீவா உடன்படிக்கை தடைசெய்திருக்கிறது என்ற பேச்சும் இதனோடு சேர்ந்தே வரும். அப்படியொரு விதி அந்த உடன்படிக்கைகளில் இல்லை.

இனிச் சுடுதளம். சுடுதளப் பொறுப்பாளரான ரேஞ்ச் ஆபீசர் கழற்றச் சொன்னது சட்டத்தின் பெயரால் அல்ல. அது அந்த இடத்தின் விதி. விதியை ஏற்காதவருக்கு அங்கே சுட இடமில்லை, அவ்வளவுதான். யாரையாவது குத்திவிடுவீர்கள் என்று அவர் அஞ்சுவதாகத் தோன்றும். அதுவும் ஒரு காரணமே. 91/30 வெறுமனே 123 சென்டிமீட்டர் நீளம். பயனெட்டோடு 166 சென்டிமீட்டர். பக்கத்து மேசைக்காரர் குனிந்து தோட்டா எடுக்கும் இடத்தில் அந்த முனை அலைவதை எந்தப் பொறுப்பாளரும் விரும்பமாட்டார். ரைபிளை நிறுத்திவைக்கும் தாங்கிகளும் அந்த நீளத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஆனால் என் கணிப்பில் முதன்மையான காரணம் வேறு. துப்பாக்கியோடு சேரும் கருவிகளில், பூட்டுவதற்கும் கழற்றுவதற்கும் கையைக் குழல்வாய்க்கு முன்னே கொண்டுபோக வைக்கும் மிகச் சிலவற்றில் ஒன்று பயனெட். தொலைநோக்கியோ தோள்வாரோ அப்படிக் கேட்பதில்லை. குழல்வாய்க்கு முன் உடலின் எந்தப் பகுதியும் வரக்கூடாது என்பது சுடுதளத்தின் முதல் பாடம். அந்தப் பாடத்தை மீறாமல் பயனெட்டை மாட்ட முடியாது.

அதிலும் நேரம் என்ற சிக்கல் இருக்கிறது. சுடுதளத்தில் இரண்டே நிலைகள் உண்டு. சுடும் நேரத்தில் எல்லோருடைய ரைபிளும் இயங்கிக்கொண்டிருக்கும். அப்போது ஒருவர் சுடுகோட்டுக்கு முன்னால் கையை நீட்டுவது முடியாத காரியம். சுடுவதை நிறுத்தச் சொல்லி, மக்கள் இலக்குகளை நோக்கி நடக்கும் நேரத்தில் யாரும் துப்பாக்கியைத் தொடவே கூடாது. அப்படியானால் பயனெட்டை எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது? வழக்கமான நாளின் ஒழுங்கில் அதற்கான நொடி இல்லை. பல இடங்களில் அது தடைசெய்யப்பட்டிருப்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. பழைய இராணுவ ரைபிள்களுக்கென்று ஒதுக்கிய நாள்களில் அனுமதிக்கும் இடங்களும் உண்டு. அங்கே பொறுப்பாளரின் கண்முன், போல்ட் திறந்து, அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, குழலை இலக்குத் திசையில் வைத்து மாட்டுவார்கள். அந்தச் சுற்று முடியும்வரை கழற்றமாட்டார்கள். பத்துப் பதினைந்து தோட்டாக்களுக்குப் பின் குழல்முனையை வெறுங்கையால் பிடித்துப் பார்த்தவருக்கு, அவசரமாகக் கழற்றக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இயந்திர ரீதியான காரணமும் இருக்கிறது; இதைச் சேகரிப்பாளர்களே அதிகம் மறக்கிறார்கள். மோசின் பயனெட்டுகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ரைபிளுக்குக் கையால் பொருத்தப்பட்டவை. இன்று சந்தையில் கிடைப்பது வேறொரு ரைபிளுக்குரியது. சிலவற்றில் ஏறாது, சிலவற்றில் தளர்ந்து ஆடும். பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு நான்காம் எண் ரைபிளின் குத்தூசிப் பயனெட் குழலிலேயே உள்ள முளைகளில் பூட்டிக்கொள்வது. போலித் தயாரிப்புகளில் அந்தப் பூட்டு மென்மையான இரும்பாக இருப்பதுண்டு. சரியாக உட்காராத வளையம் குண்டின் வழியில் நீட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சுடுவதற்கு அனுமதி கிடைத்தாலும், மாட்டிய பின் போல்ட்டை முழுவதுமாக எடுத்துவிட்டுப் பின்பக்கத்திலிருந்து குழலினூடே பார்த்து, வாய் முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு பயனெட்டைப் பிடித்துச் சற்று அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அது காட்சிக்கு மட்டுமே உரியது.

போட்டிகளைப் பற்றி ஒரு சொல் போதும். ஓஹையோவின் கேம்ப் பெர்ரியில் நடப்பவை போன்ற கேரண்ட் போட்டிகளும் பழைய இராணுவ ரைபிள் போட்டிகளும், ரைபிள் படைக்கு வழங்கப்பட்ட அதே அமைப்பில் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அந்தச் சொற்றொடரைப் படித்துவிட்டுப் பயனெட்டும் அதில் அடங்கும் என்று தாமாகவே முடிவு செய்யாமல், அந்தப் போட்டியின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கேள்வியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி: மோசினின் குறி ஏன் விலகுகிறது? ரைபிளில் குறையொன்றும் இல்லை. அந்தக் காலாட்படை ரைபிள் பயனெட் மாட்டிய நிலையிலேயே பட்டறையில் குறி சரிசெய்யப்பட்டது. மோசினின் குட்டை வடிவமான எம்44 கார்பைனும் அப்படித்தான்; அதன் மடக்குப் பயனெட்டை விரித்த நிலையில் குறி வைத்தார்கள். 91/30இல் குழலின் வலப்புறத்தில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும் அந்த இரும்பு, சுடும்போது குழல் அதிரும் விதத்தையே மாற்றிவிடுகிறது. அதை எடுத்ததும் அதிர்வு மாறுகிறது, குண்டு விழும் இடமும் மாறுகிறது. எனவே பயனெட்டோடுதான் சரியாகச் சுடும் என்று நீங்கள் சொன்னால் அது உண்மையே. ஆனால் ரேஞ்ச் ஆபீசரிடம் அது வாதமாக எடுபடாது.

தீர்வு எளிது. 91/30இன் முன்குறி, குறுக்கே ஓடும் வால்வடிவப் பள்ளத்தில் இறுக்கமாக அமர்ந்திருக்கிறது. அதைப் பக்கவாட்டில் நகர்த்தலாம். குண்டுகள் எந்தப் பக்கம் விழுகின்றனவோ அந்தப் பக்கமே முன்குறியை நகர்த்த வேண்டும். பின்குறிக்குச் சொல்லும் விதி இங்கே தலைகீழாகும். சுத்தியலால் தட்டாமல், இதற்கென்றே விற்கும் திருகுக் கருவியால் மயிரிழை மயிரிழையாகத் தள்ளி, மூன்று மூன்று தோட்டாக்களாகச் சுட்டுப் பாருங்கள். நகர்த்துவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்: அடித்தளத்திலும் முன்குறியிலும் பட்டறையில் வெட்டிய கோடு ஒன்றுக்கொன்று நேராக நிற்கும், அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்றேனும் பயனெட்டோடு சுட அனுமதிக்கும் ஓரிடம் கிடைத்தால், அந்தக் கோட்டுக்கே முன்குறியைத் திருப்பிக் கொண்டுவந்து, பட்டறைக்காரர் வைத்த குறி இன்னும் நிற்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம்.